லேசான தொடரா, கனமான தொடரா: காட்பாடி ரயிலில் தொடங்கிய கேள்வி

பாலாற்றங்கரை எழுதியது:

காட்பாடியிலிருந்து சென்னைக்குத் தினமும் ரயிலில் போய் வருகிறவன் நான். போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், ஆறு வருடமாக இதுதான். தொடர்கள் பார்ப்பதெல்லாம் அந்த நான்கு மணி நேரத்தில்தான். பேய், பூதம், விண்கலம், காலப்பயணம் என்று ஏதாவது ஒன்று கதையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எனக்கு மனம் ஒட்டாது. போகப்போக ஒரு பழக்கம் வந்துவிட்டது. காலையில் கனமான தொடர், மாலையில் லேசான தொடர். காலையில் தலை தெளிவாக இருக்கும், அரக்கோணத்தில் கூட்டம் ஏறும் வரை காலை நீட்டி உட்காரவும் முடியும். மாலையில் ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் போனை வைத்துக்கொண்டு, யாருக்கு யார் அண்ணன் என்று ஞாபகம் வைத்துக்கொள்ள என்னால் ஆகாது.

லேசு, கனம் என்று நான் சொல்வது தரத்தை அல்ல. தொடர் நம்மிடம் என்ன கேட்கிறது என்பதை. லேசான தொடரில் ஒரு எபிசோடில் எழும் சிக்கல் அந்த எபிசோடிலேயே முடிந்துவிடும், நடுவில் இரண்டு வாரம் பார்க்காமல் விட்டாலும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளலாம். கனமான தொடர் ஞாபகத்தைக் கேட்கும். முதல் எபிசோடில் ஓரமாக நின்ற ஒரு முகத்தை எட்டாவது எபிசோடில் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததால்தான் இதை எழுதுகிறேன். அப்பாவுக்கு டார்க் போட்டுக் காட்டினேன். ஜெர்மன் காலப்பயணத் தொடர், 2017 முதல் 2020 வரை மூன்று சீசன், மொத்தம் 26 எபிசோட். நான் பார்த்ததிலேயே என்னை அதிகம் ஆட்டிவைத்த தொடர் அது, அதனால் அப்பாவுக்கும் காட்ட வேண்டும் என்று பல மாதமாக ஆசை. அவர் ராணிப்பேட்டையில் லெதர் கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். இரண்டாவது எபிசோட் பாதியில் எழுந்துவிட்டார். "யார் யாருன்னே தெரியலப்பா, எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க" என்றார். சரி என்று தி மாண்டலோரியன் என்ற லேசான விண்வெளித் தொடரைப் போட்டேன். ராத்திரி பதினொன்றரை வரை அசையவில்லை. இத்தனைக்கும் இதே அப்பா பாரதத்தில் யார் யாருக்கு என்ன சாபம் கொடுத்தார்கள், அந்தச் சாபம் எங்கே வந்து பலித்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஞாபகம் இல்லாத மனிதர் இல்லை.

அப்போ எங்கே தவறுகிறது? பார்க்கிறவரிடமா, தொடரிடமா? ரயிலில் என்னோடு வருகிற நண்பர் கனமான தொடர்தான் உண்மையான தொடர், மற்றதெல்லாம் நேரம் போக்க என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் அனுபவம் சொல்லுங்கள்.

---

இரவுப்பணி எழுதியது:

நான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வாரத்தில் சில நாள் இரவு டியூட்டி. காலையில் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு இரண்டு இட்லியோடு உட்கார்ந்தால் உடனே தூக்கம் வராது. வார்டில் பார்த்ததெல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த முக்கால் மணி நேரத்துக்கு எனக்கு வேண்டியது ஒரு முழுக் கதை. தொடங்கி, சிக்கலாகி, முடிய வேண்டும். என் வேலையில் பெரும்பாலான கதைகள் நான் டியூட்டி முடிந்து கிளம்பும்போது முடிந்திருக்காது. அதனால்தான் எனக்கு முடிகிற கதை வேண்டியிருக்கிறது.

எட்டு வருடமாக ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் பார்க்கிறேன், மூன்றாவது சுற்று போய்க்கொண்டிருக்கிறது. 1987 முதல் 1994 வரை ஏழு சீசன், 178 எபிசோட். அப்புறம் ஸ்டார்கேட் எஸ்ஜி-1, 1997 முதல் 2007 வரை பத்து சீசன். ஒரு வளையத்துக்குள் நுழைந்தால் வேறு கிரகம், நான்கு பேர் போகிறார்கள், ஒரு பிரச்சினையில் மாட்டுகிறார்கள், திரும்பி வருகிறார்கள். திரும்பி வந்துவிடுவார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும், அந்த நம்பிக்கைக்காகவே பார்க்கிறேன்.

இதை நேரம் போக்கு என்று அந்த நண்பர் சொன்னால் அவருக்கு ஸ்டார் ட்ரெக்கில் 'தி இன்னர் லைட்' என்ற ஒரே ஒரு எபிசோடைப் போட்டுக் காட்டுங்கள். 1992-இல் வந்தது. விண்கப்பல் தலைவர் பிக்கார்ட் மயங்கி விழுகிறார். விழித்தால் வேறு ஒரு கிரகம், வேறு பெயர், ஒரு மனைவி. முதலில் தப்பிக்கப் பார்க்கிறார், பிறகு அந்த வாழ்க்கையையே வாழ்கிறார். பிள்ளை பெறுகிறார், குழல் வாசிக்கக் கற்கிறார், மழை இல்லாமல் அந்த ஊர் காய்ந்துபோவதைப் பார்க்கிறார், பேரன் எடுக்கிறார், கிழவராகிறார். கப்பலில் பார்த்தால் அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கடைசியில் அவர் கையில் மிஞ்சுவது அந்தக் குழல் மட்டும். 45 நிமிடம்தான், முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். எங்கள் வார்டில் வயதானவர்கள் ஊர்ப் பெயரையும் போய்விட்டவர்களின் பெயரையும் சொல்லிக்கொண்டே படுத்திருக்கும்போது எனக்கு இந்த எபிசோட் ஞாபகம் வரும். லேசான தொடர் இவ்வளவு செய்யும்.

---

முப்பத்துமூன்று எழுதியது:

பாலாற்றங்கரை அண்ணா, இரவுப்பணி அக்கா, நான் இங்கே இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். நான் கனமான தொடர் பக்கம்தான் நிற்கிறேன், ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

தி எக்ஸ்பான்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் தொடங்கி 2022-இல் முடிந்தது, 62 எபிசோட். முதல் நான்கு எபிசோடுக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஹாஸ்டலில் பக்கத்து ரூம் சீனியர் விடாதே என்று சொன்னதால் விடவில்லை. புரிந்த பிறகு என்ன ஆனது என்றால், விண்வெளி என்ற இடமே எனக்கு மாறிப்போனது. மற்ற தொடர்களில் கப்பலுக்குள் எல்லோரும் சும்மா நடப்பார்கள், ஏன் கீழே நிற்கிறார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதில் எஞ்சின் எரிகிற வரைதான் கால் தரையில் நிற்கும். பாதி தூரம் வேகம் கூட்டிக்கொண்டே போவார்கள், பாதியில் கப்பலைத் தலைகீழாகத் திருப்பி மீதி தூரம் அதே எஞ்சினால் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போவார்கள். சிறுகோள்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எடை குறைவான இடத்தில் வளர்ந்ததால் உடம்பு நீண்டு மெலிந்திருக்கும், அவர்களைப் பூமிக்குக் கொண்டுவந்தால் பூமியின் எடையே சித்திரவதை. முதல் சீசனிலேயே ஒருவரை அப்படித்தான் விசாரிப்பார்கள். அரசியல் எங்கிருந்து வருகிறது என்றால் அந்த உடம்பிலிருந்து வருகிறது, தண்ணீரிலிருந்து வருகிறது. கதையே ஐஸ் ஏற்றிவரும் ஒரு கப்பலில்தான் தொடங்குகிறது. அந்த மக்கள் தண்ணீருக்கும் காற்றுக்கும் கணக்குப் பார்த்து வாழ்கிறவர்கள். நான் சத்துவாச்சாரியில் வளர்ந்தவன். கோடையில் லாரித் தண்ணீருக்கு அம்மா விடியற்காலையிலேயே குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வருவார், பாலத்தில் போகும்போது கீழே பாலாறு மணலாகக் கிடக்கும். எனக்கு அந்தக் காட்சிகள் கற்பனையாகவே தெரியவில்லை.

இதையெல்லாம் 45 நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியுமா? முடியாது. அந்த மக்களுக்கென்று ஒரு மொழியே உருவாக்கியிருக்கிறார்கள், பல மொழிகள் கலந்த மொழி, காது பழகவே ஒரு சீசன் ஆகும். பழகிய பிறகு பூமிக்காரர் ஒருவர் அந்த மொழியில் ஒரு வார்த்தை பேசும்போது அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்கே தெரிந்துவிடும். அந்த நிமிடத்துக்காகத்தான் நான் நேரம் கொடுக்கிறேன். அக்கா சொன்ன எபிசோட் நல்ல எபிசோடாக இருக்கலாம், ஆனால் அடுத்த வாரம் பிக்கார்ட் எதுவும் நடக்காதது போல நாற்காலியில் உட்கார்ந்திருப்பார் இல்லையா? நாற்பது வருடம் வாழ்ந்த ஒருவர் எப்படி அப்படி உட்கார முடியும்? அங்கேதான் எனக்கு லேசான தொடர் மேல் கோபம் வருகிறது.

---

இரவுப்பணி எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் குறை எனக்கும் உண்டு. அடுத்த சீசனில் ஒரு எபிசோடில் அந்தக் குழல் திரும்ப வரும், அவர் அதை வாசிப்பார், ஏன் தனக்கு அது முக்கியம் என்று ஒருவரிடம் சொல்வார். அவ்வளவுதான். போதாது என்றே வைத்துக்கொள்வோம்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது, 'டார்மோக்', 1991. பிக்கார்டும் வேற்றுக்கிரகக் கப்பல் தலைவர் ஒருவரும் ஒரு கிரகத்தில் தனியாக மாட்டிக்கொள்வார்கள். அவர் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் மொழிபெயர்ப்புக் கருவிக்குப் புரிகிறது, அர்த்தம் மட்டும் புரியவில்லை. "தனாக்ராவில் டார்மோக்கும் ஜலாதும்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். என்னவென்றால், அவர்கள் மொழி முழுவதும் அவர்களுடைய பழங்கதைகளால் ஆனது. இருவர் சேர்ந்து ஒரு எதிரியை எதிர்க்க வேண்டும் என்று சொல்ல அந்தக் கதையின் பெயரைச் சொல்வார்கள். கதை தெரியாதவனுக்கு மொழி தெரியாது. இறக்கும் நிலையில் இருக்கும் அவருக்கு பிக்கார்ட் நம் பூமியின் கில்காமேஷ் கதையைச் சொல்வார், அவருக்குப் பாதிதான் புரியும், ஆனாலும் கேட்பார்.

நீங்கள் ஒரு சீசன் முழுக்கக் காது பழக்கி ஒரு மொழியைக் கற்றீர்கள். இவர்கள் ஒரே எபிசோடில் மொழி என்றால் என்ன என்றே கேட்டுவிட்டார்கள். கனம் எபிசோட் எண்ணிக்கையில் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

---

செய்யாற்று வாத்தியார் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். செய்யாறு பக்கம் சொந்த ஊர், இப்போது திருவண்ணாமலை மாவட்டம், நான் படித்த காலத்தில் எல்லாம் ஒரே வட ஆற்காடு. இந்தத் தொடர்களை என் மகன் வீட்டில் உட்கார்ந்து இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். நர்ஸ் அம்மா சொன்ன டார்மோக்கை நேற்று இரவு பார்த்தேன், அதனால்தான் எழுதத் தோன்றியது.

அது நம் ஊர்ப் பேச்சு அம்மா. எங்கள் தெருவில் ஒருவன் குடும்பத்தில் புகுந்து கலகம் செய்தால் சகுனி வேலை என்கிறோம். இருப்பதை எல்லாம் கொடுத்தவனைக் கர்ணன் என்கிறோம். கதை தெரியாதவன் வந்தால் அவனுக்கு இரண்டும் வெறும் பெயர்தான்.

பாலாற்றங்கரை தம்பியின் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். அவருக்கு அத்தனை சாபமும் ஞாபகம் இருப்பது எப்படி? எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் சில ஊரில் பத்து நாள், சில ஊரில் பதினெட்டு நாள், அதற்கு மேலும் உண்டு. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாட்டும் விளக்கமுமாகச் சொல்வார். இரவில் அதே பகுதியைக் கூத்தாக ஆடுவார்கள், விடிய விடிய. அர்ச்சுனன் தபசு அன்று வேடக்காரர் உண்மையாகவே மரம் ஏறுவார். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் தரையில் கிடப்பான், படுகளம் முடிந்து மாலையில் தீமிதி. இதைவிடக் கனமான தொடர் எது? நூற்றுக்கணக்கான பாத்திரங்கள், மூன்று தலைமுறை, முதல் நாள் போட்ட முடிச்சு பதினேழாம் நாள் அவிழும். பார்த்தவர்கள் யார்? பகல் முழுக்க ஏர் பிடித்தவர்கள், நெசவு நெய்தவர்கள், பாயைப் போட்டு உட்கார்ந்தவர்கள்.

எப்படி முடிந்தது என்றால், கட்டியக்காரன் இருந்தான். வேடம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும்போதே கட்டியக்காரன் யார் நீங்கள், எந்த ஊர், என்ன காரியமாக வந்தீர்கள் என்று கேட்பான். வேடம் தன் பெருமையைப் பாடிச் சொல்லும். நடுவில் தூங்கி விழித்தவனுக்கும் தெரிந்துவிடும். கதை எவ்வளவு முறுக்கினாலும் அவன் நம் பக்கத்தில் நின்று நம் பேச்சில் பேசுவான். சிரிக்கவும் வைப்பான், துகில் உரியும் இடத்தில் அவனே அழுவான். கனமான கதையையும் அவன் இருப்பதால் தூக்க முடிகிறது. தம்பியின் அப்பா டார்க் பார்த்தபோது பக்கத்தில் கட்டியக்காரன் இல்லை. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

1990களின் பின்பாதியில் சன் டிவியில் மர்மதேசம் வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். ரகசியம், விடாது கருப்பு என்று ஒவ்வொரு கதையும் வாரக்கணக்கில் போகும். கிராமத்துக் காவல் தெய்வத்தின் மேல் ஊருக்கு உள்ள நம்பிக்கையும் மனநல மருத்துவமும் ஒரே கதைக்குள் வந்து மோதின, எதையும் முதலிலேயே சொல்லிவிடவில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் மறுநாள் காலை பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும்போதுகூடக் கிசுகிசுத்துக்கொண்டே நிற்பார்கள், யார் குதிரையில் வருவது, எதற்குக் கொல்கிறது என்று. ஒரு வாரம் இடைவெளி இருந்தது பாருங்கள், அந்த ஒரு வாரம் முழுக்க ஊரே ஒருவருக்கொருவர் கட்டியக்காரனாக இருந்தது.

---

இரண்டு பிள்ளைகளின் அம்மா எழுதியது:

குடியாத்தத்திலிருந்து. எனக்கு மொழிதான் முக்கியமாகப் படுகிறது. தி ரிங்ஸ் ஆஃப் பவர் தமிழிலேயே கேட்கக் கிடைத்தது, நானும் மாமியாரும் பிள்ளைகளும் சேர்ந்து பார்த்தோம். அதில் ஊர் பெயரும் இனங்களும் ஏராளம், கனமான தொடர்தான், ஆனாலும் மாமியாருக்குச் சிரமம் இருக்கவில்லை. முகத்தைப் பார்க்க முடிந்தது. சப்டைட்டில் வைத்தால் கண் கீழேயே இருக்கும், முகத்தை எப்போது பார்ப்பது? பாலாற்றங்கரை அண்ணா, உங்கள் அப்பா எல்லோரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள் என்று சொன்னது இதனால்கூட இருக்கும். எழுத்தை ஓடி ஓடிப் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

---

முப்பத்துமூன்று எழுதியது:

வாத்தியார் ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஒரு இடத்தில் மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கூத்து பார்க்க வருகிறவருக்குக் கதை முன்பே தெரியும். கர்ணன் சாவான் என்று தெரிந்துதான் கர்ண மோட்சம் பார்க்கிறார்கள். டார்க் அப்படி இல்லை. தெரியாமல் இருப்பதுதான் அங்கே இன்பம். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து இவன்தான் அவன் என்று சொல்லிவிட்டால் தொடரே போய்விடும்.

2019-இல் ஒரு சிறுவன் காணாமல் போகிறான், முப்பத்துமூன்று வருடம் முன்னால் 1986-இல் இன்னொருவன், அதற்கும் முப்பத்துமூன்று வருடம் முன்னால் 1953. நான்கு குடும்பங்கள். ஒரே மனிதரைச் சிறுவனாக ஒருவர், நடுவயதில் ஒருவர், முதுமையில் ஒருவர் என்று மூன்று நடிகர்கள் செய்கிறார்கள். இந்தக் கிழவர்தான் அந்தப் பையன் என்று நாமாகவே கண்டுபிடிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். அதற்கு மேல் சொல்ல மாட்டேன், பார்க்காதவர்கள் இருப்பீர்கள்.

அதேசமயம் இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். எல்லாக் கனமும் உண்மையான கனம் இல்லை. தி விட்சர் முதல் சீசன், 2019. மூன்று பேரின் கதை மூன்று வேறு காலத்தில் நடக்கிறது, ஆனால் அதைச் சொல்லாமலேயே மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். பாதி சீசன் தாண்டித்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தபோது சிலிர்க்கவில்லை, இதை ஏன் மறைத்தீர்கள் என்றுதான் தோன்றியது. வருடத்தைத் திரையில் போட்டிருந்தால் கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. டார்க்கில் வருடத்தைத் திரையிலேயே போடுவார்கள், போட்டும் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் கஷ்டம் கதையிலேயே இருக்கிறது. வெஸ்ட்வேர்ல்ட் தொடரிலும் முதல் சீசனில் எது எந்தக் காலம் என்று ஒளித்தது கதைக்குத் தேவைப்பட்டது, இரண்டாவது சீசனில் காலத்தைக் கலைத்துப்போட்டது எனக்கு ஒட்டவே இல்லை. ஆக, கனம் பிடிக்கும் என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். விஷயமே கனமாக இருப்பது வேறு, சொல்வதை மட்டும் முடிச்சுப் போடுவது வேறு.

---

செய்யாற்று வாத்தியார் எழுதியது:

தம்பி, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் கூத்துக்களத்தில் முதல் முறை உட்காரும் ஆறு வயதுப் பிள்ளைக்குக் கதை தெரியாது. நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். பாட்டியின் மடியில் தலை வைத்துக்கொண்டு, இவன் நல்லவனா கெட்டவனா என்று கேட்டுக்கொண்டே பார்த்தேன். பாட்டி முடிவைச் சொல்லவில்லை, இன்றைக்குத் தேவையானதை மட்டும் சொன்னார். அடுத்த வருடம் நானே கொஞ்சம் கண்டுபிடித்தேன். கர்ணன் யார் பிள்ளை என்று முழுதாகப் புரிந்த வருடம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, புரிந்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. உங்கள் டார்க்கும் இரண்டாவது முறை பார்ப்பவர்களுக்கு வேறு தொடராக இருக்கும் என்று என் மகன் சொல்கிறான். தெரியாமல் பார்ப்பது ஒரு முறைதான் கிடைக்கும், தெரிந்து பார்ப்பது அதற்குப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும்.

---

பாலாற்றங்கரை எழுதியது:

நான்கு நாளாக ரயிலில் தொடரே பார்க்கவில்லை, இதைத்தான் படித்துக்கொண்டு வருகிறேன். வாத்தியார் ஐயாவுக்கு நன்றி, குடியாத்தம் சகோதரிக்கும்.

ஒரு கணக்குப் போட்டேன். இரவுப்பணி அவர்கள் சொன்ன 178 எபிசோடும் 45 நிமிடம் என்று வைத்தால் 133 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. டார்க் மொத்தமும் ஏறக்குறைய ஒரு முழு நாள்தான். லேசானது என்று நாம் சொல்வது ஐந்து மடங்கு நேரம் எடுக்கிறது, ஆனால் துண்டு துண்டாக, நாம் கொடுக்கிறபோது வாங்கிக்கொள்கிறது. கனமானது குறைவாகத்தான் கேட்கிறது, ஆனால் கேட்கும்போது முழுதாகக் கேட்கிறது. போனில் வேறு மெசேஜ் பார்க்கக்கூட விடாது.

அப்புறம் இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, இந்த விவாதத்தில் அது வராமல் போகக் கூடாது. பாபிலோன் 5, ஒரு விண்வெளி நிலையத்தில் நடக்கும் கதை. 1994 முதல் 1998 வரை ஐந்து சீசன், அதற்கு முன் 1993-இல் முன்னோட்டப் படம் ஒன்று. ஐந்து வருடக் கதையாகவே முதலில் திட்டமிட்டு எடுத்தது. 110 எபிசோடில் 92-ஐ ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி என்ற ஒருவரே எழுதினார், மூன்றாவது நான்காவது சீசன் இரண்டையும் ஒரு எபிசோட் விடாமல். முதல் சீசன் லேசான தொடர் போலவே இருக்கும், வாரம் ஒரு வழக்கு, வாரம் ஒரு விருந்தாளி. ஆனால் அந்த விருந்தாளி சொல்லிவிட்டுப் போன ஒரு வாக்கியம் இரண்டு சீசன் கழித்து வந்து நிற்கும். லண்டோ, ஜிகார் என்று இரண்டு தூதர்கள், முதலில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு சிரிக்க வைப்பார்கள், அவர்களைப் பார்க்கத்தான் நான் மாலை ரயிலில் போட்டேன். எந்த எபிசோடில் அது காலை ரயில் தொடராக மாறியது என்று எனக்கே தெரியவில்லை. ஜன்னல் வழியாகத் தன் ஆட்கள் செய்யும் அழிவை லண்டோ வாய் பேசாமல் பார்க்கிற ஒரு காட்சி வரும், அன்றைக்கு நான் நின்றுகொண்டுதான் வந்தேன், கால் வலி தெரியவில்லை. ஐயா சொன்ன கட்டியக்காரன் வேலையை அந்த முதல் சீசனே செய்துவிடுகிறது என்று இப்போது தோன்றுகிறது. யார் நீங்கள், எந்த ஊர், என்ன காரியமாக வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் நிதானமாகக் கேட்டு வைத்துவிடுகிறது, அப்புறம்தான் போரைத் தொடங்குகிறது.

சரி, அப்பா விஷயம். நேற்று மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு தாள் எடுத்துக்கொண்டோம். பெயரை அவர் எழுதவில்லை, ஜெர்மன் பெயர் வாயில் நுழையவில்லை, "போலீஸ்காரர்", "மஞ்சள் மழைக்கோட்டுப் பையன்", "ஹோட்டல்காரம்மா" என்று அவருக்குத் தோன்றியதை எழுதினார். 1986 வந்ததும் நிறுத்தச் சொன்னார். தாள்களை இரண்டு வரிசையாகத் தரையில் பரப்பினார், மேலே 2019, கீழே 1986. நான் ஒன்றும் சொல்லவில்லை, முப்பத்துமூன்று தம்பி சொன்னது ஞாபகம் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு மேல் வரிசையில் இருந்த ஒரு தாளை எடுத்துக் கீழே இருந்த ஒரு தாளின் மேல் வைத்தார். "இவன்தானே அவன்?" என்றார். சரியாக வைத்திருந்தார்.

மூன்று எபிசோட் முடித்தோம். பதினொரு மணிக்கு நான்தான் எழுந்து படுத்தேன், காலையில் ரயில்.

---

இரவுப்பணி எழுதியது:

படித்ததும் கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரம் எனக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை இருக்கிறது. டார்க் தொடங்கப் போகிறேன். தம்பி, நடுவில் மாட்டிக்கொண்டால் உங்களைக் கேட்பேன், முடிவைச் சொல்லாமல் அன்றைக்குத் தேவையானதை மட்டும் சொல்லுங்கள்.

---

முப்பத்துமூன்று எழுதியது:

கேளுங்க அக்கா, எத்தனை மணிக்கு வேண்டுமானாலும். எந்த எபிசோடில் இருக்கிறீர்கள் என்று முதலில் போட்டுவிடுங்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நான் இன்று ராத்திரி 'தி இன்னர் லைட்' பார்க்கிறேன். குழல் திரும்ப வரும் எபிசோடின் பெயரையும் கொடுங்கள், இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

---

இரவுப்பணி எழுதியது:

ஆறாவது சீசன், 'லெசன்ஸ்'. நடுவில் ஒரு நாளாவது விட்டுப் பாருங்கள் தம்பி, உடனே போடாதீர்கள்.